வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப்: வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், அண்ணா நகர், மதுரை. செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம்.

கப்பலூர்த் தொழிற்பேட்டையின் சிறு, நடுத்தர ஆலை முதலாளிகளுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரை அளப்பது, குறைப்பது, மறுபடி பயன்படுத்துவது எல்லாம் முடிந்துவிட்டன. தலைப்பில் நிற்கிறேன். 'நீர் மேலாண்மை' என்று போட முடியவில்லை. மூலத்தின் முதல் இயலே, மேலாண்மை வேறு, வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப் வேறு என்றுதான் தொடங்குகிறது.

இதற்கென்றே இயங்கும் ஓர் உலகக் கூட்டமைப்பு 2014இல் ஒரு தரநிலையை வெளியிட்டு, 2019இல் திருத்தியது. அதன்படி, ஆலை வேலிக்குள் மிச்சம் பிடிப்பது பாதி வேலைதான். அந்தத் தண்ணீர் எந்த நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிறதோ அங்கே வாழ்கிற மற்றவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். சமூகத்துக்கு நியாயமாகவும் சூழலுக்குக் கேடில்லாமலும் தொழிலுக்கு ஆதாயமாகவும் நீரைப் பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டாம் பாதி சொல்லுக்குள் வந்தாக வேண்டும்.

கைவசம் உள்ளவை: நீர்ப் பொறுப்பாண்மை, நீர்க் காப்பாண்மை, நீர் பேணுகை. வியாழன் மாலை அச்சகத்துக்குப் போகிறது.

ஆலைப் பொறியாளர், கப்பலூர். செவ்வாய் மதியம்

அக்கா, முதலாளி படிக்கணும்னா 'நீர்ச் சிக்கனம்' என்றே போடுங்கள். அவருக்குப் புரிகிற கணக்கு அதுதான்.

இங்கே நிறைய இடத்தில் போர்வெல் வாயில் ஒரு மீட்டர் இருக்கும், அதுவும் ஓடாது. உள்ளே எந்தப் பிரிவு எவ்வளவு குடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. லாரித் தண்ணிக்குக் கொடுக்கிற காசு மட்டும் கணக்கில் ஏறும். மோட்டார் கரண்டு, உப்பெடுக்கிற செலவு, பாய்லரில் சூடேற்றுகிற செலவு, கடைசியில் கழிவைச் சுத்திகரிக்கிற செலவு நாலும் வேற வேற தலைப்பில் போய்விடும். சேர்த்துப் பார்த்தால்தான் தண்ணியின் உண்மை விலை தெரியும்.

கூலிங் டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் ஆவியாகிறது என்று வைப்போம்; உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். உப்பு மூன்று மடங்கு செறிந்ததும் வடித்துவிட்டால் 150 லிட்டர் புதுத்தண்ணி விடணும். நல்ல மருந்து போட்டு ஆறு மடங்கு வரை ஓட்டினால் 120 போதும். இயந்திரம் ஒன்றும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் கடைசி அலசல் தண்ணியை அடுத்த ஈட்டின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வதும் இதே கணக்கு. 1000 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் இறங்கும். 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்த் தொட்டி கட்டாயம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அதைத் தூர்வாரினோமா? இதையெல்லாம் செய்ய வைக்கிற சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர். செவ்வாய் இரவு

தம்பி, சிக்கனம் என்பது பைக்குள் கைவிடாதிருத்தல். நீரைச் சிக்கனமாக எடுத்துக்கொண்டே ஊரை வறளவிட முடியும். அம்மையார் கேட்பது அதற்கும் மேலான பண்பு.

என் பரிந்துரை: நீர்ப்புரவு. புரத்தல் என்றால் காத்தல், பேணுதல். புரப்பவன் புரவலன். சோழர் கல்வெட்டுகளில் 'புரவுவரித் திணைக்களம்' என்று நிலவரித் துறையே இருந்தது. ஆக, காத்தலும் கணக்கு வைத்தலும் ஒரே சொல்லில் உள்ளன. தணிக்கை, வெளிப்படையான அறிக்கை என்று கையேடு கேட்பதெல்லாம் இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கும். மூன்றே அசை. முதலாளி, தொழிலாளி இருவர் நாவிலும் நிற்கும்.

நம் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்ன புறநானூற்றுப் 18ஆம் பாட்டை இங்கே மறக்கக் கூடாது. 'நிலன் நெளி மருங்கின் நீர்நிலை பெருகத் தட்டோர் அம்ம இவண் தட்டோரே.' பள்ளம் பார்த்து நீரைத் தடுத்து நிறுத்தியவர்தாம் தம் பெயரை இவ்வுலகில் நிறுத்தினார் என்கிறார். தட்டல் என்றால் தடுத்தல், தளைத்தல். இதிலிருந்து 'நீர்த்தட்பு' என்றுகூட ஆக்கலாம். ஆயினும் புரவே சிறப்பு.

மேலாண்மைத் துறைப் பேராசிரியை, மதுரை. புதன் காலை

ஐயா, உங்கள் புறநானூற்று மேற்கோளை நாளைக்கே வகுப்பில் சொல்வேன். ஆனால் 'நீர்ப்புரவு' என்று கரும்பலகையில் எழுதினால், 'நீர்க்குதிரையா மேடம்?' என்று முதல் வரிசையிலேயே கேட்பார்கள். புரவி தெரிகிற அளவுக்குப் புரவு யாருக்கும் தெரியாது. அகராதியைத் திறந்து பொருள் தேட வேண்டிய சொல்லைப் பட்டறைக்கு வருகிறவர் கையில் கொடுப்பது நியாயமில்லை.

பொறியாளர் தம்பி சொன்ன கணக்கு அத்தனையும் நீர்த்திறன் மேலாண்மை. ஐ.எஸ்.ஓ. 46001 தரநிலை அதற்காகவே 2019இல் வந்தது. அது தேவை, ஆனால் அதோடு நிற்கக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபையின் குளோபல் காம்பாக்ட் 2007இல் நிறுவனத் தலைவர்களுக்கென்று ஒரு நீர் உறுதிமொழியைத் தொடங்கியது. அதில் ஆறு கூறுகள்: சொந்த ஆலை, வழங்கல் தொடரும் நீர்ப்படுகையும், கூட்டுச்செயல், பொதுக்கொள்கை, மக்களோடு உறவு, வெளிப்படைத்தன்மை. ஆறில் ஒன்றுதான் ஆலைக்குள்ளே முடிகிறது. ஐந்து வெளியே.

இன்னொன்று. காப்பாண்மை, பொறுப்பாண்மை, எதற்கெடுத்தாலும் 'ஆண்மை'. சுங்குடித் துணிக்கு முடிச்சுப் போடுவதிலிருந்து பட்டறை நடத்துவதுவரை பெண்கள் இருக்கிற ஊர் இது. அவர்களிடம் இந்தச் சொல்லை நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர். புதன் மதியம்

அம்மா, அந்த ஆண்மை வேறு. ஆள் + மை = ஆண்மை; மெல்லினம் வர ளகரம் ணகரமானது. ஆளும் தன்மை என்பதே பொருள். வேளாண்மை, தாளாண்மை இரண்டையும் வள்ளுவர் ஒரே குறளில் வைக்கிறார். 1026ஆம் குறளில் 'இல்லாண்மை ஆக்கிக் கொளல்' என்கிறார். பிறந்த குடியைப் பொறுப்பேற்று நடத்துவது அது.

ஆங்கிலச் சொல்லின் வேரும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் ஸ்டிக் என்றால் வீடு, கூடம். வேர்டு என்றால் காவலன். வீட்டைக் காக்கிறவனே ஸ்டூவர்ட். இல்லாண்மை! இருமொழியும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. அவ்வழியே போனால் 'நீராண்மை' கிடைக்கும். ஆனால் 'நீர்' முன்னிலைப் பெயருமாகையால் பொருள் மயங்கும். எனவே மீண்டும் புரவுக்கே வருகிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர், திண்டுக்கல். புதன் மாலை

ஸ்டூவர்ட் என்றதும் எனக்கு வேதாகமம் நினைவுக்கு வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அவர் 'உக்கிராணக்காரன்'. லூக்கா 16இல் ஐசுவரியவானுக்கு ஓர் உக்கிராணக்காரன் இருந்தான் என்று வரும். உக்கிராணம் என்றால் பண்டசாலை. திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அதையே 'வீட்டுப் பொறுப்பாளர்' என்றார்கள். பொறுப்பு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வழி போட்டாயிற்று.

நான் சொல்ல வந்தது வேறு. உக்கிராணக்காரனுக்குப் பண்டசாலை சொந்தமில்லை. சாவி மட்டும் அவனிடம். உடையவன் ஒருநாள் 'கணக்கைக் காட்டு' என்பான். ஆலை முதலாளி தன் போர்த் தண்ணீரைத் தன்னுடையது என்று நினைக்கிறார். நிலத்தடி நீருக்குப் பட்டா எல்லை தெரியாது. தன்னுடையது அல்லாததைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற பொருள் வராவிட்டால் எந்தச் சொல்லும் பழைய மேலாண்மைதான்.

கணினியாளர், யாழ்ப்பாணம். புதன் இரவு

மேலாண்மை எண்ட சொல்லே உங்கடை பக்கத்துச் சொல். நாங்கள் முகாமைத்துவம் எண்டுதான் பாடசாலையிலை படிச்சனாங்கள். 'ஆண்மை' பிரச்சினை எண்டால் அதை விட்டிட்டு, 'நீர்ப் பொறுப்பு' எண்டு நேரே சொல்லலாமே. கையேட்டுத் தலைப்புக்கு ஒட்டு எதுக்கு?

கண்மாய்ப் பாசனக்காரர், திருமங்கலம் பக்கம். புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இது நம்ம சமாச்சாரம் என்பதால் எழுதுகிறேன்.

எங்க கண்மாயில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது என்று பார்ப்பது அவர் வேலை. ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழிகூடச் சொந்தமில்லை. சொந்த வயல் இருந்தால் கை அங்கே சாயும் என்பதால் அப்படி வைத்தார்கள். அறுப்பில் நெல் வாங்கிக்கொள்வார். நூலகர் ஐயா சொன்ன ஆள் இவர்தான்.

தண்ணி குறைந்த வருசம் ஊர் கூடி முறை வைப்போம். மேமடைக்காரன் ஆனாலும் முறை முடிந்தால் அடைக்க வேண்டும். கடைமடைக்காரன் வயல் காய விடக் கூடாது. கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது முறை கிடையாது; வற்றும்போதுதான் முறை. முறை என்றால் வரிசையும் உண்டு, நியாயமும் உண்டு, உறவும் உண்டு. ஆகவே நீர்முறை என்று போடுங்கள். ஆலைக்காரர் போர் போட்டு இழுக்கிறபோது எங்க கிணறு இறங்குகிறது. வரத்துக்கால் மேலே காம்பவுண்டு எழுப்பிவிட்டால் மழை பெய்தும் கண்மாய்க்குத் தண்ணி வராது. அவரும் எங்க முறைக்குள் வர வேண்டும் என்பதுதான் விசயம்.

மடையைக் காத்தவனைத்தான் 'மடையன்' என்று இழிவாக்கிவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது. அதையும் ஐயா சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர். வியாழன் அதிகாலை

அப்பா, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்ற குறளில் முறை என்பது நீதி. நீர்முறைக்கு இலக்கிய வலு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மடையன் பற்றி: மடைகள் மூன்று. நீர் போகும் மடை ஒன்று. சோறாகிய மடை ஒன்று. மீனாட்சி கோயில் மடைப்பள்ளி அதனால் வந்த பெயர், அங்கே சமைப்பவரும் மடையரே. மூன்றாவது, மடம், மடமை என்ற அறியாமை. வசைச்சொல் இந்த மூன்றாவதன் கிளை என்பதே என் முடிவு. வெள்ளத்தில் மூழ்கி மடை திறந்தவர்களின் துணிவு உண்மை. அதற்காகச் சொல்லின் வேரை மாற்ற வேண்டியதில்லை. இப்படித்தான் வைகையையும் குண்டோதரன் தாகத்துக்கு இறைவன் 'வை கை' என்றதால் வந்த பெயர் என்பார்கள். திருவிளையாடற் கதையாகக் கேட்க இனிமை, சொல்லாராய்ச்சிக்கு உதவாது. சிலம்பு அதை 'வையை என்ற பொய்யாக் குலக்கொடி' என்றே பாடுகிறது. வையை என்னும் வடிவத்திலிருந்து தொடங்கினால்…

ஆலைப் பொறியாளர், கப்பலூர். வியாழன் காலை

ஐயா, மன்னிக்கணும், இன்றைக்கு வியாழன். வைகைக்குத் தனி இழை போடலாம்.

பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு என் சிக்கனத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'நீர்முறை' என்றால் ஆலையில் தண்ணிக் குழாய் திறக்கிற ஷிப்ட் முறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பொறுப்பு என்ற சொல் இருந்தால், யார் பொறுப்பு என்ற கேள்வி தானாக வரும். பேட்டைக் கூட்டத்தில் அந்தக் கேள்வியைத்தான் இதுவரை யாரும் கேட்டதில்லை. என் ஓட்டு நீர்ப் பொறுப்பாண்மைக்கு.

மேலாண்மைத் துறைப் பேராசிரியை, மதுரை. வியாழன் காலை

இலக்கண விளக்கம் சரி, கூச்சம் போகவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'நீர்ப் பொறுப்பு' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு என்று தள்ளிவிட இடம் கொடுக்கும். தொடர்ந்து செய்யும் ஒழுக்கம் என்ற பொருளுக்கு ஒட்டு தேவைப்படுகிறது. வேறு கிடைக்காததால் பொறுப்பாண்மைக்குச் சம்மதிக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், அண்ணா நகர். வியாழன் மதியம்

எல்லாருக்கும் நன்றி. தலைப்பு: 'நீர்ப் பொறுப்பாண்மை: ஆலைக்குள்ளும் வேலிக்கு வெளியேயும்'. பெரும்பாலோர் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டீர்கள் என்று தெரியும். முதல் பக்கத்தில் உக்கிராணக்காரரையும் நீர்க்கட்டியையும் ஒரு பத்தியில் விளக்கிவிட்டேன். தண்ணீர்ப் பகிர்வு பற்றிய இயலுக்கு மட்டும் 'நீர்முறை' என்றே தலைப்பு வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர். வியாழன் மதியம்

என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். புழங்கப் புழங்கத்தான் சொல் விளங்கும். 'மேலாண்மை'யும் பிறந்தபோது யாருக்கும் விளங்கியிருக்காது. நான் என் கட்டுரைகளில் நீர்ப்புரவு என்றே எழுதுவேன்.

கண்மாய்ப் பாசனக்காரர், திருமங்கலம் பக்கம். வியாழன் மாலை

அம்மா, இயலுக்கு அந்தத் தலைப்பு வைத்ததற்கு நன்றி. நீங்கள் அனுப்பிய படியைப் படித்தேன். மூன்றாம் இயலில், ஆலைத் தண்ணியோடு சம்பந்தப்பட்ட எல்லாரையும் குறிக்கிற ஸ்டேக்ஹோல்டர் என்பதைப் 'பங்குதாரர்' என்று போட்டிருக்கிறீர்கள். எங்க பக்கம் பங்குதாரர் என்றால் தொழிலில் காசு போட்டவர். நாங்கள் யாரும் அந்த ஆலையில் காசு போடவில்லை. எங்க கிணற்றுத் தண்ணிதான் போயிருக்கிறது. 'பங்குதாரர்களைக் கூப்பிட்டுப் பேசுக' என்று அச்சானால் முதலாளி தன் மச்சானைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு எழுந்துவிடுவார். எங்களைக் கூப்பிட மாட்டார். அச்சு நிறுத்த முடியுமா?

மொழிபெயர்ப்பாளர், அண்ணா நகர். வியாழன் மாலை

அச்சகத்தில் பேசிவிட்டேன். நாளைக் காலை பத்து மணி வரை நேரம் தந்திருக்கிறார்கள். 'பங்காளி' வேண்டாம், இங்கே அது சொத்துத் தகராறைத்தான் நினைவூட்டும். 'அக்கறையாளர்' என்றால் தொலைவிலிருந்து இரக்கப்படுபவர் போல இருக்கிறது. 'பாதிப்புக்குள்ளாவோர்' என்றால் ஆலைத் தொழிலாளியும் பேட்டைக்கு வெளியே தண்ணீர் வாங்கும் கடைக்காரரும் விட்டுப்போகிறார்கள். புதிய இழை தொடங்குகிறேன். வைகையின் பெயர்க்காரணம் அதில் வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.