பொருள்: ‘ப்ளூம்’ – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கடலைக்காட்டில் டிராக்டர் கலப்பையில் மாட்டியது என்று ஒரு உருண்டையைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தான். இரண்டு கைக்குள் அடங்குகிறது. மளிகைக்கடைத் தராசில் 3 கிலோ 200 கிராம். மேலெல்லாம் துரு, செம்மண், குமிழி குமிழியாகத் துளைகள், ஒரு பள்ளத்தில் கரித்துண்டு. பிள்ளைகள் விண்கல் என்று சத்தியம் செய்கிறார்கள். விண்கல்லில் கரித்துண்டு எப்படி வரும்? ஓரத்தில் லேசாக அரம் போட்டேன், பளிச்சென்று இரும்பு. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டினால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். வெறும் சிட்டமாக (உலையில் ஒதுங்கும் கசடாக) இருந்தால் இவ்வளவு பிடிக்காது, இவ்வளவு கனக்கவும் கனக்காது. அந்தக்கால உலையிலிருந்து எடுத்து அப்படியே விட்ட இரும்பு என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ப்ளூம் என்பார்கள். வெள்ளிக்கிழமை கண்காட்சி. அட்டையில் என்ன எழுதட்டும்?

————

அம்மா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ப்ளூம் என்றால் பூ. ‘இரும்புப்பூ’ என்று எழுதுங்கள். நீறு பூக்கிறது, துரு பூக்கிறது, இரும்பு பூக்கக் கூடாதா? இன்னொன்றும் கவனியுங்கள். தகடு என்பது உலோகத் தகடு மட்டுமல்ல, பூவின் புறவிதழுக்கும் அதுவே பெயர். தகடு + ஊர் = தகடூர், நம் தருமபுரியின் பழைய பெயர். இரும்பையும் பூவையும் ஒரே சொல்லில் கண்ட ஊர் நம்முடையது! தொண்டைமானிடம் ஔவை சொன்னாளே, அதியமானின் வேல்கள் நுனி முறிந்து ‘கொல்துறைக் குற்றில’ கிடக்கின்றன என்று, அவையெல்லாம் ஒரு காலத்தில் இந்தப் பூவாக இருந்தவைதானே? இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை அனுப்புகிறேன்.

– தருமபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

————

ஐயா, கட்டுரை அனுப்புமுன் ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் ‘ப்ளோமா’ என்றால் உலோகக் கட்டி. பூவைக் குறிக்கும் சொல் பிற்பாடு ஸ்காண்டிநேவியா பக்கமிருந்து வந்தது. எழுத்து ஒன்றானதால் நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். துருத்தி வைத்து ஊதும் கரியுலை 1200-ஐ ஒட்டித்தான் போகும். அந்தச் சூட்டில் சிட்டம் உருகி ஓடிவிடும், இரும்பு உருகாமல் கெட்டியாகத் திரண்டு நிற்கும். கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதனால் ‘பாளம்’ கூடாது, அது உருக்கி வார்ப்பது. ‘பஞ்சிரும்பு’ என்றால் ஆலைக்காரர்கள் வேறொன்றை நினைப்பார்கள். என் ஓட்டு ‘இரும்புப் பிண்டம்’.

– சேலத்திலிருந்து

————

பிண்டமா? வடசொல். போகட்டும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையைப் படித்துவிட்டு எள்ளும் தண்ணீரும் எங்கே என்று கேட்பார்கள்.

– ஓசூர்

————

தொல்காப்பியர் செய்யுளியலில் ‘மூன்றுறுப் படக்கிய பிண்டம்’ என்கிறாரே, அவரையும் வடக்கே அனுப்பிவிடுவோமா? தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் உங்கள் ஊர்ப் பக்கம் கன்னடக்காரர் சொல்லும் ‘உக்கு’ நம் ‘உருக்கு’தான் என்று முதலில் நிறுவுங்கள்.

– சேலத்திலிருந்து, மறுபடியும்

(இதற்குப் பின் உக்கு, எஃகு, உருக்கு பற்றி 14 மடல்கள் வந்தன. தலைப்புக்குத் தொடர்பில்லாததால் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

————

சொல் கிடக்கட்டும். முதலில் அரத்தை உள்ளே வையுங்கள் அம்மா! பள்ளத்தில் இருக்கும் கரியைக் கழுவிவிடாதீர்கள், காலம் கணிக்க அதுதான் ஆதாரம். எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். உங்கள் கட்டியும் அவ்வளவு பழசு என்று சொல்லவில்லை, இருநூறு வருஷத்ததாகவும் இருக்கலாம். எந்த ஆழத்தில், எந்த மூலையில் கிடைத்தது என்று பையனிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது: மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

– கிருஷ்ணகிரி

————

பழைய இரும்புக் கடையில் போட்டாலே பத்து ரூபாய் தாண்டிவிடுமே!

– ஓசூர்

————

எல்லாருக்கும் நன்றி. அரத்தை வைத்துவிட்டேன். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. கண்காட்சி முடிந்ததும் அவர்கள் சொல்கிற இடத்தில் ஒப்படைக்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஊர்க் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் மடியில் வைத்து உருட்டிப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தார். “இது அடிபடாத கட்டிங்க டீச்சர். சூட்டோட சூடா சம்மட்டி போட்டிருந்தா உள்ள இருக்கிற சிட்டம் தெறிச்சு வெளிய வந்திருக்கும். யாரோ பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார். அட்டையில் ‘அடிபடாக் கட்டி’ என்றே எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

————

கலைச்சொல் மாதிரி இல்லையே என்று உறுத்துகிறது. ஆனாலும் பிண்டத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

– சேலம்

————

சரி.

– ஓசூர்

————

‘அடிபடா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; பின்னால் வல்லினம் மிகும், ‘க்’ போட்டது சரி. மற்றபடி எனக்கு உடன்பாடில்லை. சம்மட்டி பட்ட பிறகும் அது சில நேரம் ப்ளூம்தானே, அப்போது என்ன சொல்வீர்கள்? அட்டையின் கீழ் ஓரத்தில், சின்ன எழுத்திலாவது, இரும்புப்பூ என்று போட இடம் இருக்கிறதா அம்மா? கட்டுரை நாளை வரும்.

– தருமபுரி