அட்சய திருதியைத் தங்கம்: பாட்டி காலத்து வழக்கமா, விளம்பரம் போட்ட வித்தா?

பட்டறைமகன்:
கோடம்பாக்கம் விசு நேற்று ஆடித் தள்ளுபடி பற்றிய பேச்சில் இப்படி எழுதியிருந்தார்: "விளம்பரம் யாருக்கும் ஆசையை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கிற ஆசைக்குக் கடை முகவரி சொல்கிறது, அவ்வளவுதான். அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்குவது காலங்காலமாக வரும் வழக்கம். கடைக்காரர் நினைவூட்டுகிறார்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் அப்பா கும்பகோணத்தில் நகை செய்யும் பத்தர். 1969 முதல் 1988 வரை அவர் எழுதிய ஆர்டர் நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். தாலிக்குப் பொன் உருக்க, காது குத்துக்குத் தோடு செய்ய, பழைய வளையலை அழித்துப் புதுசு பண்ண என்று வருவார்கள். அட்சய திருதியைக்கு என்று இருபது வருடத்தில் ஒரு வரி கூட இல்லை. எங்கள் ஊரில் அந்த நாள் என்றால் பெரிய தெருவில் பன்னிரண்டு கருட சேவை. வீட்டு வாசலில் பானகம், நீர்மோர். விசிறியும் குடையும் தானம் கொடுப்பார்கள். கொடுக்கிற நாளாக இருந்ததை வாங்குகிற நாளாக மாற்றியது யார்?

நெல்லைச்சீமை:
அண்ணாச்சி, உங்கள் அப்பா நோட்டு உங்கள் பட்டறைக்கு மட்டும்தான் சாட்சி. என் ஆச்சி 1970-களிலேயே வருடா வருடம் அட்சய திருதியைக்கு ஒரு தங்கக் காசு வாங்கிப் பூஜையில் வைப்பார். நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருக்கிறேன். அப்போது டிவி கூடக் கிடையாது. எந்த விளம்பரம் ஆச்சியை மயக்கியது?

கோடம்பாக்கம் விசு:
என் பெயரை இழுத்ததால் பதில் சொல்கிறேன். பதினோரு வருடம் விளம்பர வாசகம் எழுதியிருக்கிறேன். ஆட்டி வைக்கும் மந்திரம் ஏதும் எங்கள் கையில் இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய எத்தனையோ விளம்பரங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜனங்களுக்குப் பிடிக்காததை எந்தக் கொம்பனாலும் விற்க முடியாது. அவர்களை முட்டாள் என்று நினைப்பவர்கள்தான் விளம்பரத்தைக் குறை சொல்வார்கள்.

பட்டறைமகன்:
நெல்லைச்சீமை, தங்கக் காசா? 1970-களிலா? கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். பத்தர் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன, தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. அந்தக் காலத்தைப் பேசினால் என் அம்மாவுக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அப்புறம் 1968-இல் தனிச் சட்டமே போட்டார்கள். தங்கக் கட்டி வைத்திருந்தாலே குற்றம். பட்டறையில் எத்தனை கிராம் இருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும், அதிகாரி வந்து நிறுத்துப் பார்ப்பார். 1990-இல்தான் அந்தச் சட்டம் போனது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்று 1992-இல் விட்டார்கள். 1997-இல் வங்கிகள் இறக்குமதி செய்ய வழி திறந்தது.

இதற்குப் பிறகுதான் சரக்கு வந்து குவிந்தது. வந்த சரக்கு விற்க வேண்டுமே? சுரங்க முதலாளிகள் 1987-இல் சேர்ந்து ஆரம்பித்த உலகத் தங்கக் கவுன்சில் 2000-க்குப் பிறகு இந்த நாளை முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. கடைகள் காலை ஆறு மணிக்கே கதவைத் திறந்தன. கால் கிராம், அரை கிராம் காசு கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். உங்கள் ஆச்சி வாங்கிய காசு எந்தக் கடைக் காசு?

மலர்விழி ஈரோடு:
ஆச்சி வாங்கினாரா இல்லையா என்று ஆம்பளைங்க ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. அந்த விளம்பரம் வீட்டுக்குள்ளே என்ன பண்ணுதுன்னு என்னைக் கேளுங்க. அன்றைக்கு வாங்காவிட்டால் வருடம் முழுக்க லட்சுமி வரமாட்டாள் என்று பத்து நாள் காதில் ஓதினால், வாங்காத வீட்டில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2019-இல் கைமாற்று வாங்கி நாலு கிராமில் ஒரு ஜோடித் தோடு எடுத்தேன். ஆறே மாதத்தில் பையன் பள்ளிக் கட்டணத்துக்கு அதை விற்கப் போனேன். வாங்கும்போது செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத வரி. விற்கும்போது அதெல்லாம் போனது போனதுதான், எடைக்கு மட்டும் காசு. அதே கடைதான், பெயர் வேண்டாம். ஆசைப்பட்டு எடுத்தது இல்லைங்க அது, பயந்து எடுத்தது.

நெல்லைச்சீமை:
மலர்விழி, கடன் வாங்கியது உங்கள் முடிவு, அதற்கு விளம்பரம் என்ன செய்யும்? 2000-இல் பவுன் நாலாயிரத்துக்குள் இருந்தது. 2025 ஏப்ரல் 30 அட்சய திருதியை அன்று 71 ஆயிரத்துக்கு மேல். வருடம் ஒரு பவுன் எடுத்து வைத்தவர்கள் இன்றைக்கு நிம்மதியாக இருக்கிறார்கள். இதுவா தேவையில்லாத பொருள்? அண்ணாச்சி, சட்டப் பாடம் நடத்த வேண்டாம். என் ஆச்சி வாங்கினார்.

பட்டறைமகன்:
என்ன வாங்கினார்? காசா?

நெல்லைச்சீமை:
காசோ மூக்குத்தியோ, பொன் வாங்கினார்.

பட்டறைமகன்:
முதலில் காசு என்றீர்கள், இப்போது மூக்குத்தி. நாளைக்கு வெள்ளிக் கிண்ணம் என்பீர்கள். ஆடித் தள்ளுபடி விவாதத்திலும் இதே கதைதான். முதலில் நாற்பது வருட வழக்கம் என்றீர்கள், ஆடியில் கல்யாணம் இல்லாமல் ஜவுளிக்கடைகள் தேங்கிய சரக்கைத் தள்ளியதுதான் அந்தத் தள்ளுபடி என்று நான் சொன்னதும் ஆளையே காணோம். நான் மறக்கவில்லை.

அடியேன் ராமன்:
அக்ஷயம் என்றால் குறையாதது. அதை 'அட்சய' என்று எழுதிக் கெடுக்கிறீர்களே, முதலில் பெயரையாவது சரியாக எழுதுங்கள். குசேலர் அவல் கொடுத்த நாள், திரௌபதிக்கு அக்ஷய பாத்திரம் கிடைத்த நாள் என்று பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். ரிஷபதேவருக்குக் கரும்புச் சாறு கிடைத்த நாள் என்று சமணர்களும் கொண்டாடுகிறார்கள். இவ்வளவு புனிதமான நாளைக் கடைச் சண்டைக்கு இழுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பட்டறைமகனுக்கு நம் பண்டிகை எது வந்தாலும் குறை சொல்ல ஒன்று கிடைத்துவிடுகிறது.

பட்டறைமகன்:
ராமன் ஐயா, கருட சேவைக்கு வருடம் தவறாமல் போகிறவன் நான். நீங்கள் சொன்ன மூன்று கதையிலும் யாராவது கடைக்குப் போனார்களா? அவல் கொடுத்தார், பாத்திரம் கிடைத்தது, கரும்புச் சாறு கொடுத்தார்கள். தங்கம் எங்கே வருகிறது? நீங்கள் கோபப்பட வேண்டியது அந்த நாளில் விலைச்சீட்டை ஒட்டினவர்கள் மேல். 'அட்சய' என்று தமிழில் எழுதுவது பிழையும் இல்லை.

அடியேன் ராமன்:
வடமொழிச் சொல்லை வடமொழியாகவே எழுத வேண்டும்.

கோடம்பாக்கம் விசு:
எழுத்துச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். பட்டறைமகன் சார், உங்கள் வாதத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. 1990-க்கு முன் வாங்காததற்குச் சட்டம் காரணம் என்கிறீர்கள். அப்படியானால் ஆசை உள்ளே இருந்தது, சட்டம் தடுத்தது. தடை நீங்கியதும் வாங்கினார்கள். விளம்பரம் எங்கே ஆசையை உண்டாக்கியது?

திண்டுக்கல் பூட்டு:
புதிதாக வந்தவன். ஒரு சந்தேகம். 'தேவை' என்று எதைச் சொல்கிறோம்? சோறும் துணியும் மட்டுமா, நாலு பேர் முன்னால் வெறுங்கழுத்தோடு நிற்காமல் இருப்பதும் தேவையா? அதை முடிவு செய்யாமல் எப்படிப் பேசுவது?

பட்டறைமகன்:
விசு, ஓட்டை ஒன்றும் இல்லை. தங்கத்தின் மேல் ஆசை இருந்தது, நான் மறுத்தேனா? பத்தர் வீட்டில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? அந்த நாளின் மேல் ஆசை இல்லை என்கிறேன். கல்யாணத்துக்கு வாங்கினவளைச் சித்திரை வெயிலில் வரிசையில் நிற்க வைத்தீர்களே, அந்த வரிசையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் செய்ததும் இதுதான். 1938-இல் அயர் என்ற விளம்பர நிறுவனத்தைப் பிடித்தார்கள். 1947-இல் 'வைரம் என்றென்றும்' என்று ஒரு வாசகம் வந்தது. நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரம் என்று ஒரு தலைமுறைக்கே பதிந்துபோனது. இன்றைக்கு அங்கே கேட்டால் அதையும் பாட்டி காலத்து வழக்கம் என்பார்கள். நீங்களும் உங்கள் பதினோரு வருடத்தில் நகைக்கடைக்கு எழுதினீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கோடம்பாக்கம் விசு:
எழுதினேன். சோற்றுக்கு எழுதினேன். உங்கள் அப்பா செய்த நகையை வாங்கினவர்கள் எல்லாம் தேவைக்குத்தான் வாங்கினார்களா? ஒட்டியாணம் யாருக்குத் தேவை? என் பிழைப்பைக் கேவலமாகப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

பட்டறைமகன்:
என் அப்பா யாரையும் பயமுறுத்தி ஆர்டர் வாங்கவில்லை. வந்தவர்களிடம் "இந்த வருடம் வேண்டாம், அடுத்த அறுவடை முடியட்டும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நோட்டில் அடித்த வரிகளே சாட்சி. அப்பாவைப் பற்றிப் பேசும்போது பார்த்துப் பேசுங்கள்.

மலர்விழி ஈரோடு:
விசு அண்ணா, நீங்கள் சோற்றுக்கு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நான் கடன் வாங்கினேன். இன்னொன்றும் சொல்கிறேன், பட்டறைமகன் அண்ணாவுக்கும் பிடிக்காது. எங்கள் வீட்டில் நிலம் அவர் பேரில், வண்டி அவர் பேரில். என் பேரில் இருந்தது அந்த நாலு கிராம்தான். தங்கமே வேண்டாம் என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

பட்டறைமகன்:
நான் எங்கே தங்கம் வேண்டாம் என்றேன்? ஒரு பதிவைக் காட்டுங்கள், மலர்விழி. அந்த நாளைத்தான் சொல்கிறேன், அந்த நாளை.

அடியேன் ராமன்:
அன்றைக்குக் கல் உப்பு வாங்கினாலே போதும் என்று எங்கள் ஜோசியர் சொல்வார். தங்கம் என்று கட்டாயம் இல்லை.

பட்டறைமகன்:
உப்பு வாங்குகிற வழக்கமாவது உங்கள் தாத்தா காலத்தில் இருந்ததா?

அடியேன் ராமன்:
உங்களோடு பேசிப் பயனில்லை.

நெல்லைச்சீமை:
எல்லோரும் பேசி முடித்தீர்களா? பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தியிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். ஆச்சி அட்சய திருதியைக்குப் பொன் வாங்கியது அவருக்கும் நன்றாக நினைவிருக்கிறது.

பட்டறைமகன்:
எந்த வருடம் என்று சித்தியிடம் கேட்டீர்களா? ஆச்சி எப்போது காலமானார்?

நெல்லைச்சீமை:
2006. அதற்கு என்ன?

பட்டறைமகன்:
அப்படியானால் சித்தி சொல்வது 2003 அட்சய திருதியையாகவும் இருக்கலாமே! வருடத்தைக் கேட்டு எழுதுங்கள். நோட்டுப் பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடுகிறேன், இருபது வருடச் சித்திரையும் வைகாசியும். நீங்கள் அந்தக் காசைப் படம் எடுத்துப் போடுங்கள்.

நெல்லைச்சீமை:
மூக்குத்தி என்று சொன்னேன்.