லென்ஸால் கண்ணில் புண்: சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசக்கிறது

கொழிஞ்சாம்பாறை அம்மா:
மகள் சித்தூர் காலேஜில் படிக்கிறாள், காண்டாக்ட் லென்ஸ் போடுபவள். வலது கண் சிவந்து வலி தாங்காமல் பாலக்காட்டில் காட்டினோம். கருவிழியில் புண்ணாம். மணிக்கொரு தரம் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லிச் சொட்டு, மூன்று வேளை ஹோமட்ரோபின் என்ற சொட்டு. விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையெல்லாம் கசப்பு என்கிறாள். புத்தகத்தில் எழுத்து மங்கல், வெயிலில் கூச்சம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ? சிவப்பு சீக்கிரம் போகும் என்று மெடிக்கல் ஷாப்பில் வேறொரு சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். டெக்ஸாமெத்தஸோன் என்று போட்டிருக்கிறது. விடலாமா?

பொள்ளாச்சி நர்ஸ்:
அக்கா, அந்தக் கடை மருந்தைத் திறக்கவே வேண்டாம். அது ஸ்டீராய்டு. சிவப்பு குறையும், கண் தேறிவிட்டதாகத் தோன்றும். பூஞ்சையோ அகாந்தமீபாவோ இருந்தால் புண் உள்ளே ஆழமாகப் போய்விடும். அகாந்தமீபா குழாய்த் தண்ணீரிலும் கிணற்றிலும் இருக்கிற கிருமி, லென்ஸ் போடுபவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். ஸ்டீராய்டு வேண்டுமா, எப்போது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கசப்புக்குப் பயப்படாதீர்கள். இமையில் மூக்கோரமாக ஊசிமுனை அளவு துளை உண்டு. கண்ணீர் அது வழியாக மூக்குக்கு இறங்கித் தொண்டைக்கு வரும், மருந்தும் அப்படியே. சொட்டு விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, அந்த மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கசப்பு குறையும், மருந்தும் கண்ணில் தங்கும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறுங்கள்.

எழுத்து மங்குவது ஹோமட்ரோபினால். வலி தணிய அது கண்ணின் உள்தசையைத் தளர்த்திக் கண்மணியையும் விரித்து வைக்கிறது. நிறுத்தினால் 1 முதல் 3 நாளில் சரியாகும். கூச்சத்துக்குப் புண்ணும் காரணம். அதுவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போடட்டும். இமை வீங்கி அரித்தாலோ, வலி கூடினாலோ, பார்வை குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
எனக்கும் புண் வந்தபோது சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லிச் சொட்டு விட்டார்கள். புண்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் படிந்தது. புண் பெருகுகிறது என்று வீட்டில் அழுகை. டாக்டர் விளக்கடியில் பார்த்து, படிந்திருப்பது மருந்தேதான் என்றார். அதற்காக வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மருந்து என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அப்புறம் பழைய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். அதிலிருந்தே கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். ராத்திரியும் எழுப்பி விடணுமா?

பொள்ளாச்சி நர்ஸ்:
சீட்டில் ராத்திரிக்கும் எழுதியிருந்தால் கட்டாயம் எழுப்புங்கள் அக்கா. எழுதவில்லையென்றால் இப்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.