பத்திரத்துல ‘பேச்சிராக் கிராமம்’னு இருக்கு, அப்டின்னா என்ன?

கேள்வி:
தாத்தா நெலத்தோட பழைய பேப்பர்லாம் எடுத்து பாத்துட்டு இருந்தேன், ஊர் பேருக்கு பக்கத்துல பேச்சிராக்னு எழுதியிருக்கு. அங்க வீடுன்னு ஒண்ணு கூட கெடயாது, கம்பங்கொல்லையும் கருவேலமும்தான். அம்மா, பேச்சியம்மன் கோயில் இருந்திருக்கும், அதான்றாங்க. இல்ல நெலத்துல ஏதும் வில்லங்கமா?

பதில்:
வில்லங்கம்லாம் இல்ல தம்பி, பேச்சியம்மனும் இல்ல. குடியிருப்பு இல்லாத கிராமத்துக்கு ரெவின்யூல அந்த பேரு. கிராமம்னா நமக்கு தெருவும் கோயிலும்தான் ஞாபகம் வரும், தாலுகா ஆபீஸ் கணக்குல எல்லை போட்டு சர்வே நம்பர் குடுத்த நெலம்தான் கிராமம், ஆளு இருக்கணும்னு இல்ல. பக்கத்து ஊர்க்காரங்க வந்து வெள்ளாம பண்ணுவாங்க, சிட்டா அடங்கல்னு நெலக்கணக்கெல்லாம் தனியா ஓடும்.

பதில்:
வார்த்தை பாரசீக மொழி. ‘பே’ன்னா இல்லாத, ‘சிராக்’னா விளக்கு. டெல்லில சிராக் டெல்லின்னு ஏரியா இருக்கே, அதே சிராக்தான், விளக்குன்னு பட்டம் வாங்குன சூஃபி பெரியவர் அடக்கமான எடம். கர்நாடகா ரெவின்யூலயும் இந்த சொல் உண்டு. ஆளில்லன்னு எழுதாம விளக்கில்லன்னு எழுதியிருக்காங்க பாருங்க, எனக்கு அது ரொம்ப புடிச்சிருக்கு. நம்மளும் வம்சம் அத்துப்போன வீட்ட ‘வெளக்கேத்த ஆளில்ல’ன்னுதான சொல்றோம்.

பதில்:
ஆளில்லாத எடம்னதும் அத்துவானக்காடுன்னு நெனச்சுக்காதீங்க, அதும் இதும் ஒண்ணில்லங்க. அது வாய்ப்பேச்சு, ராத்திரி பஸ் நின்னுபோயி கூப்ட்டா ஏன்னு கேக்க நாதியில்லாத எடம். பாழ்னா இன்னும் வேற, ஆள் இருந்து போன எடம். புறநானூறு 52ல வருமே, சாமி தூணை விட்டு போயிடுச்சு, பலி நின்னுபோச்சு, கெழவங்க சூதாடுன எடத்துல இருக்குற குழியில காட்டுக்கோழி முட்ட வச்சிருக்கு. ‘பாழ்படு பொதியில்’, பாழாப்போன ஊர்மன்றம்னு ரெண்டே சொல்லு, படிக்கறப்ப வயித்த பெசையும். பேச்சிராக்குன்னா முன்ன யாராச்சும் இருந்தாங்களா இல்லியான்னே தெரியாது.

கேட்டவர்:
எங்க மேட்டுல உழும்போது பானை ஓடு நெறைய வரும், ஒடஞ்ச ஆட்டுக்கல்லு ஒண்ணும் கெடக்கு. அப்ப ஆள் இருந்திருக்காங்க போலயே, எப்டி தெரிஞ்சுக்கறது?

பதில்:
அ-பதிவேடு, அதான் சர்வே நம்பர் வாரியா எழுதுன கிராம நெலக்கணக்கு, வாங்கி பாருங்க தம்பி. அந்த மேட்டோட சர்வே நம்பருக்கு நேரா நத்தம்னு போட்டிருந்தா அது குடியிருப்புக்குன்னு வச்ச எடம். ஆட்டுக்கல்ல மட்டும் வரப்புக்கு போட்றாதீங்க.