மறுமொழி: ‘டீ-டென்சிஃபிகேஷன்’ – அடர்த்தி நீக்கமா, கடைக் கலைப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘டீ-டென்சிஃபிகேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று ஒற்றை வரியில் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. அந்தச் சொல் வரும் என் கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

> எந்த இடத்தில் வருகிற சொல் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி ஐயா?

தவறு என்னுடையது. அமெரிக்காவில் வீடியோ கேம் விற்கும் கேம்ஸ்டாப் நிறுவனம் 2019, 2020 ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது. முதலீட்டாளர்களிடம் பேசும்போது அதற்கு வைத்த பெயர்தான் இது. பெயருக்கு ஒரு பின்னணியும் உண்டு. 2005இல் தன் போட்டியாளரான ஈ.பி. கேம்ஸை அந்நிறுவனம் வாங்கியது. ஒரே வளாகத்தில் இரண்டு பெயர்களில் இருந்த கடைகளுக்கு ஒரே முதலாளி என்றாகிவிட்டது. ஒன்றை மூடினால் அதன் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் மற்றதற்கு வருவார்கள். ஒரு வாடகையும் சில சம்பளங்களும் மிச்சம். குத்தகை முடிகிற மாதமாகப் பார்த்துப் பூட்டினால் கட்டட உரிமையாளருக்கும் பாக்கி வைக்க வேண்டியதில்லை. கணக்கு என்ற அளவில் இதில் பிழை இல்லை.

> அடர்த்தி நீக்கம் என்று நேராகப் பெயர்த்துவிடலாமே.

முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். மறுநாள் ஒரு மின்கம்பி வாங்கச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய்வந்ததும் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அங்கே ஒரே சரக்கை விற்கும் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒருவரிடம் இல்லாததை அவரே பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்து நம் கையில் கொடுக்கிறார். அந்த நெருக்கத்துக்காகத்தான் செங்கல்பட்டிலிருந்தும் ஆள் வருகிறது. பர்மா பஜாரும் அப்படியே. அங்கெல்லாம் அடர்த்தியை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. எல்லாக் கடைகளின் வாடகையும் ஒரே பையிலிருந்து போகும்போதுதான் அது நோயாகிறது. ‘அடர்த்தி நீக்கம்’ என்றால் ஊருக்கே நல்லது செய்தது போல ஒலிக்கிறது, ஏதோ கொசு ஒழிப்பு மாதிரி.

> எங்கள் பக்கம் எள் விதைத்தால் செடி கலைத்துவிடுவோம். அதைப் பாருங்கள்.

விழுப்புரத்து நண்பரே, இந்த ஒரு வரிக்காக உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். விதைத்த 15ஆம் நாள் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், 30ஆம் நாள் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி மற்றவற்றைப் பிடுங்கிவிட வேண்டும் என்று வேளாண் கையேடுகளும் சொல்கின்றன. பிடுங்கிய செடியின் தண்ணீரும் உரமும் நிற்கிற செடிக்குப் போகும். நிறுவனம் கொடுத்த வாக்குறுதியும் அச்சு அசலாக இதுதான். ‘கடைக் கலைப்பு’ என்றால் பொருள் பொருந்துகிறது, சொல்லும் நம்முடையது.

> கலைப்பு என்றால் சட்டமன்றமும் கருவும்தான் நினைவுக்கு வருகின்றன.

எனக்கும்தான். ஆனால் அந்தப் பயத்தில் உழவர் சொல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. என் தயக்கம் வேறு. எள்ளுக்குக் கலைப்பு இரண்டே முறை. மூன்றாம் முறை வயலில் இறங்கிப் பிடுங்கினால் அதற்குப் பெயர் அறுவடை. கேம்ஸ்டாப்புக்கு 2020 பிப்ரவரி தொடக்கத்தில் 5,509 கடைகள் இருந்தன. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 3,203. அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் அமெரிக்காவில் 590 கடைகளை மூடியிருக்கிறார்கள். நிற்கிற செடி தழைத்திருந்தால் இது நடக்காது.

தழைக்காததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அந்தக் கடைகளுக்குச் சோறு போட்டது பழைய விளையாட்டு வட்டுகள். புதிய சாதனம் விற்றால் கிடைப்பது சொற்பம். ஆடி முடித்த வட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி மறுபடி விற்பதில்தான் லாபம். 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் விளையாட்டுக் கருவியில் வட்டு நுழையும் வாயே கிடையாது. விளையாட்டை நேரே பதிவிறக்கிக்கொள்ள வேண்டியதுதான். வட்டே இல்லாதபோது பழைய வட்டு எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். 2024இல் அந்நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டு 300 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்த நிதியாண்டில் கடை நடத்தியதில் நட்டம். கையிருப்புப் பணத்தின் வட்டியால் 13 கோடி டாலர் லாபம். 2025 மே மாதம் 4,710 பிட்காயின்களை வாங்கியது. வட்டிக்கடையாக மாறிக்கொண்டிருக்கிற நிறுவனத்துக்கு விளையாட்டுக் கடை பாரம்தானே. (இது என் கருத்து; கட்டுரையில் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன்.)

> லே-ஆஃப் என்பதற்குப் பணிநீக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். சட்டப்படி தவறு.

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. தொழிலாளர் நீதிமன்றத்தில் இருந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மற்றவர்களுக்காகச் சுருக்கம்: 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் வரையறையில் லே-ஆஃப் தற்காலிகமானது. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது என்று வேலை கொடுக்க முடியாத நாள்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. பெயர் பதிவேட்டில் இருக்கும். ஆளையே அனுப்பிவிடுவது ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் வேண்டும். ‘பணிநீக்கம்’ என்றாலோ, அவர் ஏதோ குற்றம் செய்தார் என்ற வாடை அடிக்கிறது. 2019 ஆகஸ்டில் கேம்ஸ்டாப் அலுவலகங்களில் 120 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் அந்நிறுவனமே நடத்திய கேம் இன்ஃபார்மர் இதழின் ஆசிரியர் குழுவினரும் உண்டு. அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் ‘ஆட்குறைப்பு’ என்று மாற்றிவிட்டேன்.

> மூடிய கடையின் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போவதற்கு என்ன சொல்?

‘வாடிக்கைப் பெயர்ச்சி’ என்று வைத்திருக்கிறேன். சனிப்பெயர்ச்சி போல இருக்கிறது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், மறக்காது.

இந்தப் பெயர்ச்சிக்குள் கடை ஊழியனும் அடங்குவான் என்பது எனக்கு வீட்டில் தெரிந்த செய்தி. என் தம்பி மகன் வேளச்சேரிப் பக்கம் ஒரு வணிக வளாகத்தில் இத்தகைய கடையொன்றில் வேலை பார்த்தான். கண்ணாடி அலமாரியில் இருப்பவை வெறும் பெட்டிகள். வட்டுகள் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் காகித உறைகளில் இருக்கும். கடைசி நாள் இரவு பதினொரு மணிவரை பெட்டிக்கு வட்டு, வட்டுக்குப் பெட்டி என்று அவனும் இன்னொரு பெண்ணும் ஜோடி சேர்த்திருக்கிறார்கள். தள்ளுபடி ஒட்டுத்தாள்களை நகத்தால் சுரண்டியதில் கட்டைவிரல் வீங்கிப்போய் வந்தான். நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு வட்டு கிடைக்கவில்லையாம். அதற்கு அந்தப் பெண்ணிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள். இவனை அண்ணாநகர்க் கிளைக்கு மாற்றினார்கள். “அங்கே வியாபாரம் கூடும், ஆள் தேவைப்படும்” என்றார் மேலாளர். நான்கு மாதத்தில் அந்தக் கிளையிலும் அவனே பெட்டிக்கு வட்டு தேடினான்.

ஆகவே என் முடிவு இது. நிறுவனத்தின் வாய்மொழியாக வரும் இடத்தில் ஒற்றை மேற்கோளுக்குள் ‘கடைக் கலைப்பு’. நான் என் குரலில் பேசும் இடத்தில் மேற்கோள் இல்லாமல் ‘கடை மூடல்’. கலைச்சொல் பட்டியலில் விளக்கம் இப்படி இருக்கும்: “நெருங்கியுள்ள கிளைகளில் சிலவற்றை மூடி, அவற்றின் வாடிக்கையை எஞ்சிய கிளைகளுக்குப் பெயர்க்கும் நோக்குடன் செய்யப்படுவது. பெயர்ச்சி நிகழாதபோது இச்சொல் பொருந்தாது.” கடைசி வாக்கியம் அகராதி மரபுக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வீர்கள். இருக்கட்டும்.

ஒரே ஓர் உதவி. அந்நிறுவனம் பழைய சொல்லையும் இப்போது கைவிட்டுவிட்டது. 2024 இறுதியிலிருந்து ‘ஸ்டோர் போர்ட்ஃபோலியோ ஆப்டிமைசேஷன்’ என்கிறார்கள். வியாழன் இரவுக்குள் யாராவது ஒரு சொல் கொடுங்கள். ஆப்டிமைசேஷனுக்கு வழக்கமாகப் போடும் ‘உகப்பாக்கம்’ மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து