காட்டுக் குடிலில் கழற்றி மாட்டும் டிஷ்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மின் இணைப்பு இல்லாத ஒரு காட்டுக் குடிலில், தங்கும் நாட்களில் மட்டும் பொருத்திவிட்டுக் கிளம்பும்போது கழற்றி எடுத்து வரும் வகையில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி அமைக்க விரும்புகிறேன். 60 செ.மீ. டிஷ், முக்காலி, 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் செட்டாப் பாக்ஸ் ஆகியவை கைவசம் உள்ளன.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே எந்த மறைப்பும் இருக்கக் கூடாது. குடிலைச் சுற்றியுள்ள மரங்களோ சரியாக அந்தத் திசையைத்தான் அடைத்து நிற்கின்றன. ஈர இலைகள் கேயு பேண்ட் (செயற்கைக்கோள் தொலைக்காட்சி வரும் அலைவரிசை) சிக்னலைப் பெருமளவு உறிஞ்சிவிடும் என்பதால், டிஷ்ஷை ஏறத்தாழ 40 மீட்டர் தள்ளியிருக்கும் வெட்டவெளியில் வைக்க எண்ணியுள்ளேன். டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பெறும் கருவியான எல்என்பிக்கு, ஒரு பாதிச் சேனல்களுக்கு 18 வோல்ட், மறு பாதிக்கு 13 வோல்ட் என செட்டாப் பாக்ஸ் மின்னழுத்தம் அனுப்புகிறது. அந்த 18 வோல்ட் அவ்வளவு நீளக் கேபிளில் மிகவும் குறைந்துவிட்டால், அது 13 வோல்ட்டாகக் கொள்ளப்பட்டுப் பாதிச் சேனல்கள் வராமல் போகக்கூடும். இதற்கு முழுச் செம்பு உட்கம்பி கொண்ட ஆர்ஜி-6 கேபிளே போதுமா, அல்லது லைன் ஆம்ப்ளிஃபையரும் (கேபிளின் வழியில் சிக்னலை வலுவாக்கும் கருவி) தேவைப்படுமா?

மேலும், மண் இளகலாக இருப்பதால் முக்காலி காற்றில் சற்றே அசைந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையுமே என்று தயங்குகிறேன். மணல் மூட்டை கட்டுவதா, கால்களைத் தரையில் முளையடித்து இறுக்குவதா, எது நிலையாக நிற்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.