ஆஸ்ட்வால்டு அணுவை நம்பாதது வீம்பா?

ஆர்கான்40:
டால்டன் 1808-லேயே அணுக்கொள்கையைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு தொண்ணூறு வருடம் போயும் வேதியியலாளர் ஆஸ்ட்வால்டு, இயற்பியலாளர் மாக் மாதிரிப் பெரிய மூளைகள் அணுவைக் கணக்குக்கு வசதியான கற்பனை என்றே தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாராவது அணு என்று வாய் திறந்தால், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பாராம் மாக். இது அறிவியலா, வீம்பா?

கண்ணாடிக்குடுவை:
அவ்வளவு சுலபமாக முடிக்காதீர்கள் நண்பரே. டால்டன் கணக்கில் தண்ணீர் என்றால் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அதனால் ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்து, ஆக்சிஜனின் எடையை 7 என்று போட்டார். பருமனில் இரண்டு பங்கு ஹைட்ரஜனோடு ஒரு பங்கு ஆக்சிஜன் சேர்கிறது என்று கே-லுசாக் அளந்து காட்டியபோது, அந்த அளவையே டால்டன் சந்தேகப்பட்டார். சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்று அவகாட்ரோ 1811-ல் வழி சொன்னார், பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை. 1860-ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கனிட்சாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் அணு எடைகள் ஒழுங்குக்கு வந்தன. அதுவரை ஆளுக்கொரு எடை!

ஆர்கான்40:
சரி, 1860 வரை தயங்கட்டும். ஜெர்மனியின் லியூபெக்கில் நடந்த மாநாட்டில், அணுவுக்காக வாதாடிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மனோடு ஆஸ்ட்வால்டு மோதியது 1895-ல். மெண்டலீவ் அட்டவணை வந்தே 26 வருடம். வாயுக்களின் அழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் மூலக்கூறுகளை வைத்து விளக்கியாயிற்று. இன்னும் என்ன வேண்டும்? கடைசியில் 1906-ல் போல்ட்ஸ்மனைத் தற்கொலைக்குத் தள்ளியதுதான் மிச்சம்.

கண்ணாடிக்குடுவை:
தள்ளினார்கள் என்பது கட்டுக்கதை. அவருக்கு மனச்சோர்வு வெகுகாலமாக இருந்தது. ஆஸ்ட்வால்டு அவரை லைப்சிக்குக்கு வேலைக்கு அழைத்தவர், மேடையில்தான் சண்டை.
எல்லாவற்றையும் விளக்கியாயிற்று என்பதும் தவறு. ஈரணு மூலக்கூறு சுழலும், அதிரும் என்று வைத்துக் கணக்கிட்டால் வெப்ப எண்களின் விகிதம் (வாயுவை மாறா அழுத்தத்தில் சூடாக்கத் தேவையான வெப்பத்துக்கும் மாறாப் பருமனில் தேவையான வெப்பத்துக்கும் உள்ள விகிதம்) சுமார் 1.29 வர வேண்டும். காற்றில் அளந்தால் 1.4. மேக்ஸ்வெல்லே இதைப் பெரிய சிக்கல் என்று ஒப்புக்கொண்டார். குவாண்டம் வந்துதான் அது தீர்ந்தது.

மெல்லநட:
நடுவில் நுழைகிறேன். இருவரும் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரனை விட்டுவிட்டீர்களே! கம்போஜ் என்று ஒரு மஞ்சள் பிசின், ஓவியர்கள் வண்ணத்துக்கு வைத்திருப்பது (நம் குடம்புளி மரத்துக்கு உறவான மரத்தில் வருவது). அதை ஒரே அளவு நுண்ணுருண்டைகளாகப் பிரித்து நீரில் விட்டு, ஒவ்வொரு உயரத்திலும் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணினார். காற்றுமண்டலம் போலவே மேலே போகப் போகக் குறைந்தது. அதுவும் 0.1 மில்லிமீட்டர் உயரத்துக்குள்! அதிலிருந்து அவகாட்ரோ எண் (ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்ற எண்) கிடைத்தது. பிரௌனியன் இயக்கத்துக்கு, அதாவது நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத ஆட்டத்துக்கு, ஐன்ஸ்டைன் 1905-ல் தந்த சூத்திரப்படி அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண். பொறுமை என்றால் அது பொறுமை. 1909-ல் வந்த பாடநூல் பதிப்பின் முன்னுரையில் ஆஸ்ட்வால்டும் அணுவை ஏற்றுக்கொண்டார்.

ஆர்கான்40:
தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897-ல். வீடு உண்டா இல்லையா என்று இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து சாமான் வெளியே வந்துவிட்டது. நடுவில் 12 வருடம். இதற்கு என்ன பெயர்?

கண்ணாடிக்குடுவை:
மாக்குக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் 1897-ல் தாம்சன் அளந்தது மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் துகள்களால் ஆனவை என்று அது மட்டும் நிரூபிக்காது. வாயு அயனிகளை (மின்னூட்டம் பெற்ற வாயுத் துகள்களை) தாம்சன் எண்ணியதையும் பிரௌனியன் இயக்கச் சோதனைகளையும் சேர்த்துத்தான் அந்த முன்னுரையில் காரணம் காட்டுகிறார் ஆஸ்ட்வால்டு. பெரன் முடிவுகளை வெளியிட்டது 1908-ல். ஒரே வருடத்தில் மனம் மாறிய ஆளை எப்படி வீம்பு பிடித்தவர் என்கிறீர்கள்?